தலை தப்ப வேண்டுமா? கூரை தாங்க வேண்டும்!

எண்ணூர் விரைவு சாலையில் ஒரு தடவை போய் வந்தவர்களுக்கே தெரியும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், எறும்பு வரிசை மாதிரி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் லாரியை நம்பிப் பிழைக்கிற குடும்பம் ஒன்றாவது இருக்கும்.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். ட்ரெய்லர் டிரைவர். போன மாசம் அவர் ஓட்டுகிற வண்டி எஃப்.சி.க்காக டிங்கரிங் பட்டறையில் நின்றது. சும்மா எட்டிப் பார்த்தேன். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கி நிற்குமே ஒரு பில்லர், அதன் அடிப்பகுதி துருவேறி, அப்பளம் மாதிரி பொரிந்து போயிருந்தது. விரலால் தொட்டாலே உதிர்கிறது! அதன் மேலேயே ஒரு தகரத் துண்டை ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தால் புது வண்டி மாதிரி பளபளவென்று நிற்கிறது.

"ஏண்ணே, வண்டி கவுந்தா இது தாங்குமா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் நீங்க, கூரைதானே? மழை ஒழுவாம இருந்தா போதாதா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியின் கூரை மழைக்குப் பிடிக்கிற குடை இல்லை. வண்டி தலைகீழாகப் புரளும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில், டிரைவரின் கழுத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

நம் கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே போகிற தண்டுவடத்திலிருந்துதான் கை, கால்களுக்கு நரம்புகள் பிரிகின்றன. மூச்சு விடுவதற்கான உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் கழுத்தின் 3, 4, 5-ம் தண்டுவட நரம்புகளிலிருந்து வருகிறது. கூரை நசுங்கி, தலை அழுந்தி, உடம்பின் கனம் கழுத்தில் இறங்கினால் என்ன ஆகும்? அடி மேலே பட்டால் மூச்சே நின்றுவிடலாம். கொஞ்சம் கீழே பட்டால் உயிர் தப்பும். கை, கால்கள் விழுந்துவிடலாம். அப்புறம் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று என்று வருஷக்கணக்கில் போராட்டம். சம்பாதித்தவர் படுத்துவிட, அவரைப் புரட்டிப் போடுவதே மனைவிக்கு முழுநேர வேலையாகிவிடும். ஒரு துருப்பிடித்த பில்லர் ஒரு குடும்பத்தையே படுக்க வைத்துவிடும் என்கிறேன். மிகையா?

கன்டெய்னர் லாரி மற்ற வண்டிகளைவிடச் சுலபமாகக் கவிழும். உயரம் அதிகம், பாரமும் மேலே இருக்கிறது. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலே ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விடும். மூலைகளில் இருக்கும் லாக்குகளைச் சரியாகப் போடாவிட்டால், பெட்டி தனியாகச் சரிந்து பக்கத்தில் போகிற ஆட்டோவின் மேல் விழும் ஆபத்து வேறு.

கவிழாமல் ஓட்ட வேண்டும், சரி. கவிழ்ந்தாலும் பிழைக்கிற மாதிரி வண்டி கட்ட முடியாதா? முடியும். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தாலும் நசுங்காத சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவில் காரின் கூரை அதன் எடையைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தைத் தாங்கினால் போதும் என்றிருந்த விதியை, 2009-ல் 3 மடங்காக உயர்த்தினார்கள். லாரி கேபினுக்கு ஐ.நா. விதி 29 இருக்கிறது. முன் அச்சு எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவையும், அதிகபட்சம் 10 டன் வரை, கூரைமேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் உள்ளே ஆள் உயிரோடு இருப்பதற்கான இடம் மிஞ்ச வேண்டும். அதைத் தழுவி நம் நாட்டிலும் ஏ.ஐ.எஸ். 029 என்ற தரம் இருக்கிறது. வெறும் சேசிஸை வாங்கி வந்து, மரத்தையும் தகரத்தையும் வைத்துக் கேபின் கட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் அந்தச் சோதனையில் பாஸானது புதுக் கேபின். பத்து வருஷம் கடற்கரையில் ஓடிய கேபின் அதே கேபின்தானா? 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிற ஊர் எண்ணூர். லாரி பிறக்கிற ஊர் அது. அதே ஊரின் உப்புக் காற்றுதான் லாரியின் எலும்பையும் தின்கிறது. பெயிண்டில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து இரும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை.

8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. வாங்க வேண்டும் என்பது விதி. பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றையும் பார்க்கட்டும். அதோடு, கடலோர வண்டிகளின் பில்லர்களையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பட்டி பூசிய இடம் 'டொப்' என்று காட்டிக் கொடுத்துவிடும். அரித்த பில்லரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் இரும்பு வைத்து வெல்டிங் செய்தால்தான் சான்று என்று சொல்லுங்கள். முடியாவிட்டால் கேபினையே மாற்றட்டும்.

"செலவை யார் கொடுக்கிறது?" என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்ற அவர்கள் கஷ்டமும் நிஜம்தான். ஆனால் வண்டி அவர்களுடையது, தலை டிரைவருடையது. எது விலை அதிகம்?

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-ல் வந்த பாரத் என்கேப் நட்சத்திரங்கள், முன்பக்கமும் பக்கவாட்டிலும் மோத வைத்துப் பார்த்துத் தரப்படுபவை. கூரையை நசுக்கிப் பார்க்கும் சோதனை அதில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு பலமான கூரையாக இருந்தாலும், பெல்ட் போடாதவரை அது காப்பாற்றாது. புரளும் வண்டிக்குள் அவர் கொட்டாங்கச்சி மாதிரி உருளுவார், அல்லது வெளியே விழுந்து வண்டிக்கு அடியிலேயே சிக்குவார். டிரைவரும் கிளீனரும் பெல்ட் போட்டே ஆக வேண்டும்.

கவிழ்ந்த வண்டியைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தால் மட்டும் உடனே வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். உதவி செய்பவரைச் சட்டம் பாதுகாக்கிறது. 2021-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கும் வழி உண்டு.

இதையெல்லாம் நம்ம டிரைவரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "ஓனர்கிட்ட நான் கேட்டா, வேற ஆள் வெச்சுக்குவாரு சார். ஆபீஸர் கேட்டா செய்வாரு" என்றார்.

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். தம்பிரான் புண்ணியம் இருக்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் எஃப்.சி. அதிகாரிதான். கையில் ஒரு சுத்தியல் இருந்தால் போதும்.