மயங்கி விழுவார்கள் என்று சொல்பவர்களுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு ஏசுவதென்றால் ஏசலாம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பாடசாலைகள் சிலவற்றில், பெண் பிள்ளைகளின் நீண்ட தூர ஓட்டத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. ஒரு இடத்தில் எடுத்தே விட்டார்கள். ஆண் பிள்ளைகளின் ஓட்டம் அப்படியே இருக்கிறது. தரம் 10, 11 படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பதிலாக என்ன கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? தேசிக்காயும் கரண்டியும். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளை, வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு தேசிக்காய் விழாமல் நடக்க வேண்டும்.

காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "டீச்சர், பொம்புளப் புள்ளைகள்ட உடம்பு தாங்காது. மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

இதை நம்முடைய கலாசாரத்திலிருந்து வந்த கவலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த வசனம் நம்முடையதே இல்லை. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னர் ஐரோப்பாவிலே கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் சொன்னது. அவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாம்தான் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறோம்.

குரொஸ் கன்ட்ரி என்ற ஓட்டத்தின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். நம் பத்திரிகைகளில் நகர்வல ஓட்டம் என்று போடுவார்கள். பெயர்தான் நகர்வலம், ஓடுவது நகரத்தில் இல்லை. புல், சேறு, மேடு, பள்ளம், சில இடங்களில் மரக்குற்றியையும் தாண்ட வேண்டும். பாதையும் மண்ணும் இடத்துக்கு இடம் மாறுவதால் இதில் நேரத்தை வைத்து உலக சாதனை கணக்கெடுப்பதில்லை. யார் முன்னுக்கு வந்தார் என்பது மட்டும்தான் கணக்கு.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இந்த ஓட்டம் இருந்தது. ஜூலை மாதத்துக் கொளுத்தும் வெயில். 38 பேர் ஓடத் தொடங்கினார்கள், 15 பேர்தான் ஓடி முடித்தார்கள். மற்றவர்கள் வழியில் விழுந்தார்கள், தள்ளாடினார்கள், தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி ஒன்றும் நடக்காதது போல வந்து வென்றார். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் குரொஸ் கன்ட்ரியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆண்களின் 10,000 மீற்றரில் யாரும் கை வைக்கவில்லை. மரதனிலும் கை வைக்கவில்லை. "ஆம்பிளைகளின் உடம்பு தாங்காது, இனி இவர்கள் 200 மீற்றருக்கு மேல் ஓடக்கூடாது" என்று ஒரு குழுவும் தீர்மானம் எடுக்கவில்லை. வெயிலைத்தான் குற்றம் சொன்னார்கள். நியாயம்தானே?

நாலு வருடம் கழித்து, 1928, அம்ஸ்டர்டாம். ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீற்றர். இறுதிப் போட்டியில் 9 பேர். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாமிடம். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். முடிந்த பிறகு சிலர் புல்லில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள், 800 மீற்றரை உயிரைக் கொடுத்து ஓடுகிற எந்த மனிதரும் செய்வதுதான். மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதின? பெண்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள், பாதிப்பேர் முடிக்கவே இல்லை, பார்க்கச் சகிக்கவில்லை என்று. அந்த ஓட்டத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. பத்திரிகைகள் எழுதியது அதில் இல்லை. ஆனால் அந்தப் பொய்யை வைத்து 800 மீற்றரைப் பறித்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் திரும்பக் கிடைத்தது. 32 வருடம்! இடையில் பெண்களுக்கு இருந்த மிக நீளமான தனி ஓட்டம் 200 மீற்றர்.

ஆண்கள் உண்மையாகவே விழுந்தபோது வெயில் குற்றவாளி. பெண்கள் விழாதபோதும் உடம்பு குற்றவாளி. நம் கூட்டங்களில் நடப்பதும் இதுதான். போன வருடங்களில் ஆண் பிள்ளைகள் மைதானத்தில் சுருண்டு விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பாவம், வெயில்" என்று சொல்லி முகத்தில் தண்ணீர் தெளித்தோம். அந்த ஓட்டம் நிகழ்ச்சி நிரலில் அப்படியே இருக்கிறது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். பெண்களுக்கான சர்வதேச குரொஸ் கன்ட்ரி சம்பியன் போட்டி 1967இல் வேல்ஸ் நாட்டின் பரி என்ற ஊரில் முறையாகத் தொடங்கியது. வென்றவர் அமெரிக்காவின் டோரிஸ் பிரவுண். அன்றிலிருந்து 1971 வரை ஐந்து வருடமும் அவரேதான். இதே பெண்ணைப் பாடசாலைக் காலத்தில், பெண் பிள்ளை என்பதற்காக, பாடசாலை ஓடுதளத்தில் ஓட விடவில்லை. அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் நம்மைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

1973இல் பெல்ஜியத்தின் வாரெகெமில் உலக சம்பியன் போட்டி என்ற பெயரோடு நடந்தது. ஆண்களுக்கு ஏறக்குறைய 12 கிலோமீற்றர். பெண்களுக்கு 4. மூன்றில் ஒரு பங்கு. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரிகளை வரவழைத்து, "நீங்கள் இவ்வளவுதான் தாங்குவீர்கள்" என்று அன்போடு சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அன்பு எவ்வளவு அறிவு கெட்டது என்பதைக் காட்டியவர் ஒரு பாடசாலை ஆசிரியை. (நம் ஆள்!) நோர்வேயின் கிரெட்டே வைட்ஸ், ஒஸ்லோவில் படிப்பித்தவர். 1978 மார்ச்சில் கிளாஸ்கோவில் உலக குரொஸ் கன்ட்ரி சம்பியன் ஆனார். அதே வருடம் ஒக்டோபரில் நியூயோர்க் மரதனுக்குப் போனார். வாழ்க்கையில் மரதன் தூரம் ஓடியே இருக்கவில்லை. 2 மணி 32 நிமிடம் 30 செக்கனில் உலகின் அதிவேக மரதனை ஓடி வென்றார். அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய மிக நீளமான தூரம் 1500 மீற்றர். 42 கிலோமீற்றரை ஓடி வென்ற பெண்ணுக்கு 1500 மீற்றர்தான் தாங்கும் என்று விதிப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. உலக குரொஸ் கன்ட்ரியை அவர் மொத்தம் ஐந்து தடவை வென்றார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல். அதில் அவருக்கு வெள்ளி.

உலக குரொஸ் கன்ட்ரியில் பெண்களின் தூரம் மெல்ல மெல்ல 8 கிலோமீற்றருக்கு வந்தது. ஆண்களுக்கு 12 தொடர்ந்தது. 2017இல் உகண்டாவின் கம்பாலாவில்தான் முதன்முதலாக இருவருக்கும் ஒரே தூரம்: 10 கிலோமீற்றர். வாரெகெமிலிருந்து 44 வருடம். ஆண்களின் தூரத்தை இரண்டு கிலோமீற்றர் குறைத்துத்தான் சமப்படுத்தினார்கள் என்று ஒரு சகோதரர் குறை சொன்னார். குறைத்தார்கள்தான். ஆம்பிளைகள் யாரும் அதனால் நோஞ்சான் ஆகவில்லையே! 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இன்னமும் ஆண் பிள்ளைகளுக்கு 8, பெண் பிள்ளைகளுக்கு 6. அதற்கு ஒருவரும் உருப்படியான காரணம் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தக் கம்பாலா ஓட்டத்தை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. குரொஸ் கன்ட்ரியில் ஒரு நாட்டுக்காக ஆறு பேர் ஓடலாம், முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை எடுத்த அணிக்குத் தங்கம். முதலாமிடம் எடுத்தவர் மட்டும் போதாது, நாலாவதாக வருகிறவள் எங்கே என்று பார்ப்பார்கள். கம்பாலாவில் கென்யாப் பெண்கள் முதல் ஆறு இடங்களையும் எடுத்தார்கள். வென்றவர் ஐரீன் செப்டாய். 1, 2, 3, 4 என்று கூட்டினால் 10. அதற்குக் கீழே ஒரு புள்ளி இந்த உலகத்தில் எடுக்க முடியாது. ஆறாவதாக வந்தவர் யார்? ஃபெயித் கிப்யேகொன், 1500 மீற்றர் ஒலிம்பிக் சம்பியன்!

ஒரு இல்லத்தின் பொறுப்பாசிரியையாக எனக்கு இந்தப் புள்ளி முறை மிகவும் பிடித்தது. நம் பாடசாலைகளில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைப் பிடித்து வலயமட்டத்துக்கு அனுப்பிவிட்டு மற்ற முப்பது பேரையும் மரநிழலில் உட்கார வைக்கிறோம். இந்த ஓட்டத்தில் அந்த விளையாட்டு நடக்காது. நடுத்தரமாக ஓடுகிற பிள்ளையும் வேண்டும். கணிதத்தில் 40 எடுக்கிற, பாட்டுப் பாடத் தெரியாத, மேடையில் ஏறாத ஒரு பிள்ளை நாலாவதாக வந்து தன் இல்லத்துக்குத் தங்கம் எடுத்துக் கொடுக்கும்.

இனி உண்மையிலேயே விழுந்தவரின் கதை. 2023 பெப்ரவரி, அவுஸ்திரேலியாவின் பதர்ஸ்ட். எத்தியோப்பியாவின் லெட்டசென்பெட் கிடே, 10,000 மீற்றர் உலக சம்பியன், முன்னணியில் வருகிறார். முடிவுக் கோட்டுக்குச் சில மீற்றர் இருக்கும்போது கால் மடங்கி விழுகிறார். பின்னால் வந்த கென்யாவின் பியட்ரிஸ் செபெட் தாண்டிப் போய் வெல்கிறார். கிடேயை ஒருவர் தூக்கி விட்டார், அதனால் விதிப்படி தகுதிநீக்கம். உலகமே பார்த்தது. 1928இல் நடக்காததை நடந்ததாக எழுதினார்கள் என்றால், இது கண் முன்னால் நடந்தது. பெண்களின் 10 கிலோமீற்றரை நிறுத்தினார்களா? அடுத்த வருடம் பெல்கிரேடில் அதே 10 கிலோமீற்றர், செபெட்டே மறுபடி வென்றார். கிடே வீட்டில் முடங்கிக் கிடந்தாரா? அதே வருடம் ஆகஸ்டில் புடாபெஸ்டில் 10,000 மீற்றரில் வெள்ளி எடுத்தார்.

புடாபெஸ்டின் அதே ஓட்டத்தில் இன்னொருவரும் கடைசி மீற்றர்களில் விழுந்தார். நெதர்லாந்தின் சிஃபான் ஹசன். எத்தியோப்பியாவில் பிறந்து, 15 வயதில் அகதியாக நெதர்லாந்து போன முஸ்லிம் பெண். 2015இல் ஐரோப்பிய குரொஸ் கன்ட்ரி சம்பியன். புடாபெஸ்டில் விழுந்த மறுவருடம், 2024 பாரிஸில், ஒலிம்பிக் மரதன் தங்கம். பதக்கம் வாங்க ஹிஜாபோடு வந்து நின்றார். தன் நாட்டு வீராங்கனைகள் ஹிஜாப் அணியக்கூடாது என்று பிரான்ஸ் தடுத்திருந்த அதே பாரிஸில்.

உடுப்புப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் வேறு நீளமாகச் சொல்ல வேண்டுமா? குரொஸ் கன்ட்ரி குளிர்காலத்து ஓட்டம். ஐரோப்பாவில் நீளக்கை, நீளக் காற்சட்டை, கையுறை, தொப்பி போட்டு ஓடுகிறவர்கள் ஏராளம். நம் பிள்ளை தளர்வான ட்ரக் சூட்டும் ஸ்கார்பும் போட்டு ஓடுவதைத் தடுக்கும் விதி எதுவுமில்லை. ஹிஜாபைக் கழற்றினால்தான் ஓடலாம் என்று அங்கே ஒரு கூட்டம் சொல்கிறது. ஹிஜாப் போட்டாலும் ஓடக்கூடாது என்று இங்கே ஒரு கூட்டம் சொல்கிறது. பிள்ளையிடம் கேட்கிறவர் யாருமில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா இல்லை. ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓடி முந்திய செய்தியை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்தோம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

"வெளியில் ஆபத்து டீச்சர்" என்றும் சொல்கிறார்கள். 2015 உலக குரொஸ் கன்ட்ரியை 19 வயதில் வென்ற கென்யாவின் அக்னஸ் டிரோப், காடு மேடெல்லாம் ஓடித் திரிந்த பெண். 2021 ஒக்டோபரில், 25 வயதில், கத்திக் குத்துக் காயங்களோடு இறந்து கிடந்தார். எங்கே? ஓட்டப் பாதையில் இல்லை, இட்டன் ஊரில் தன் சொந்த வீட்டுக்குள். கொலை வழக்கு அவருடைய கணவர் மேல். பெண் பிள்ளையை வீட்டில் வைத்தால் பத்திரம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நம் பிள்ளைகள் ஏன் மயங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள். வருடம் முழுக்க மைதானத்துக்கு விடாமல், போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஓடு என்கிறோம். எட்டு மணிக்கு வைத்த ஓட்டம், பிரதம அதிதி வரும் வரைக்கும் பிந்திப் பிந்திப் பதினொன்றரைக்குத் தொடங்குகிறது. இதில் எதற்கும் ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது.

ஆகவே வருகிற கூட்டத்தில் நான் கேட்கப் போவதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பெற்றோரும் வந்து கேளுங்கள். பெண் பிள்ளைகளின் ஓட்டம் திரும்ப வர வேண்டும், ஆண் பிள்ளைகளின் அதே தூரம். போட்டி நாளில் வேண்டாம், அதற்கு முந்திய சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு, ஆறரை மணிக்கு. அதிதிகள் தேவையில்லை. ஆறு கிழமைக்கு முன்பிருந்தே பயிற்சி, ஆசிரியைகள் நாங்கள் மூன்று பேர் பொறுப்பு. வீதியில் ஓட வேண்டியதில்லை, மைதானத்தைச் சுற்றி அதன் பின்னால் இருக்கும் தென்னந்தோட்டத்துக்குள்ளால் வரலாம். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு உம்மாமார், ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் ஜீவனி. தோட்டத்துச் சொந்தக்காரர் இந்தப் பதிவை வாசிக்கிறவர்தான். நானா, அந்த மேற்குப் பக்கத்து முள்ளுக்கம்பியை அன்றைக்கு மட்டும் பத்து மணி வரைக்கும் கழற்றி வைத்துத் தருவீர்களா?