மூடியும் மூடநம்பிக்கையும்

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது பிக்கப் டிரக் மேட்டர். "நமக்கு எதுக்குடா இந்தக் கருமம்"னு ஜன்னலை மூடப் போறவங்க ரெண்டு நிமிஷம் பொறுங்க. ஹீட் டிரான்ஸ்பர் பேப்பரை பாஸ் பண்ணிட்டு வந்தவனையே ஒரு அலுமினியத் தட்டு எப்படி ஏமாத்துதுங்கறதுதான் விஷயம்.

நான் இருக்கறது டெக்சாஸ். படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது சாஃப்ட்வேர். இங்க நம்மாளுங்க சிலபேர் கொஞ்ச நாளா கேம்ரியை வித்துட்டு டிரக் வாங்க ஆரம்பிச்சிருக்காங்க. அப்புறம் இழுத்துட்டுப் போக ஒரு கேம்பர் டிரெய்லர், இல்லைன்னா ஒரு போட். அதுக்கப்புறம் பின் ஆக்ஸிலுக்கு ஒரு பளபளா மூடி. "இதப் போட்டா டிஃபரன்ஷியல் கூலா இருக்கும், தைரியமா இழுக்கலாம்"னு விளம்பரம். விலை 200, 300 டாலர். என் கோவமெல்லாம் இந்த மூடி மேலதான்.

டிரக் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இஞ்சின்ல இருந்து வர்ற சுழற்சியைத் திருப்பி பின் சக்கரத்துக்கு அனுப்பற இடம்தான் டிஃபரன்ஷியல். உள்ள பெரிய பல்சக்கரம் ஒண்ணு, சின்னது ஒண்ணு. நம்மூர் லாரிப் பட்டறையில கிரவுன், பினியன்னு சொல்வாங்களே, அதேதான். ரெண்டோட பல்லும் உருள்றதோட ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கவும் செய்யும். வழுக்கினா உராய்வு, உராய்ஞ்சா சூடு. கீழ கொஞ்சம் ஆயில் நிக்கும், கிரவுன் அதை வாரி மேல அடிக்கும். பின்னாடி போல்ட் போட்டு ஒரு மூடி. மொத்தக் கதை இவ்ளோதான்.

சரி, கணக்குக்கு வருவோம். நியூ மெக்சிகோவுல அலமகோர்டோவுல இருந்து கிளவுட்க்ராஃப்ட் போற மலை ரோடு. 16 மைல் சொச்சத்துல சுமார் 4,300 அடி ஏறணும். டிரக், டிரெய்லர், ஆளுங்க, சாமான் எல்லாம் சேர்த்து 6 டன்னுன்னு வைங்க. 25 நிமிஷத்துல ஏறணும்னா ஏத்தத்துக்கு மட்டும் 70 குதிரைசக்தி, காத்துத் தடை மத்ததெல்லாம் சேர்த்தா ஏறக்குறைய 100. அதுல 3 சதவீதம் டிஃபரன்ஷியல்ல சூடா போகுதுன்னு வச்சாலும் 2.2 கிலோவாட். நம்ம வீட்டு பாத்ரூம் கீசர் ஒண்ணை ஆக்ஸிலுக்குள்ள போட்டு 25 நிமிஷம் ஆன் பண்ணி வச்ச மாதிரி. அதனால சூடு ஏறுங்கறது பொய்யில்லை. மூடி என்ன கிழிக்குதுங்கறதுதான் கேள்வி.

விளம்பரத்துல சொல்றதை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. "அலுமினியம் சூட்டை வேகமா கடத்தும்."

கடத்தும், இல்லைங்கல. ஆனா 3 மில்லிமீட்டர் இரும்பு மூடி கடத்தாம அடம் பிடிக்குதா என்ன? மொத்த 2.2 கிலோவாட்டும் மூடி வழியாவே வெளிய போகுதுன்னு வச்சாக்கூட, இரும்புத் தகட்டோட உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வித்தியாசம் ஒண்ணு ஒன்றரை டிகிரிதான் வரும். அலுமினியம் போட்டா அந்த ஒரு டிகிரியில பாதி மிச்சம். சூடு மாட்டிக்கிட்டு நிக்கறது உலோகத்துல இல்ல சாமி, உலோகத்துல இருந்து காத்துக்கு மாறற இடத்துல.

2. "அதுக்குத்தான் வரிவரியா துடுப்பு வச்சிருக்கோம்."

பரப்பு கூடும், வாஸ்தவம். ஆனா மூடி இருக்கறது ஆக்ஸிலோட முதுகுப் பக்கம். எதிர்க்காத்து முன்னாடி இருந்து வருது, மூடி அந்த இரும்பு உருண்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீளற மொத்த ஆக்ஸிலும் ஏற்கனவே சூட்டைக் கக்கிட்டுத்தான் இருக்கு. அதுல சாப்பாட்டுத் தட்டு சைஸ் இடத்துக்கு மட்டும் அலங்காரம். ரெண்டு மாசம் மண் ரோட்டுல போனா துடுப்புக்கு நடுவுல சேறு வேற ஃப்ரீ.

3. "ஒரு லிட்டர் ஆயில் கூடப் பிடிக்கும்."

இதுலதான் நம்மாளுங்க கவுந்துடறாங்க. ஒரு லிட்டர் கியர் ஆயில் 50 டிகிரி சூடேற சுமார் 85 கிலோஜூல் வேணும். நம்ம கீசர் அதை 40 செகண்டுல குடுத்துடும். 25 நிமிஷ மலைக்கு 40 செகண்ட் தள்ளுபடி! சின்னப் பாத்திரமோ கல்யாண வீட்டு அண்டாவோ, அடுப்பு அதே அடுப்புதானே? அண்டா லேட்டா கொதிக்கும், கொதிக்காம இருக்காது. ஒரு நியாயம் மட்டும் சொல்லிடறேன், ஆயில் கூட இருந்தா அழுக்கும் தேய்மானத் தூளும் அதுல பரவலா கரையும், ஆயில் கொஞ்சம் மெதுவா கெடும். அது ஆயுள் சமாச்சாரம், கூலிங் இல்ல.

4. "டெம்பரேச்சர் கன் வச்சு அளந்து காட்டறோம் பாருங்க."

இதுதான் உச்சகட்டக் காமெடி. அந்தத் துப்பாக்கி அளக்கறது பரப்புல இருந்து வர்ற அகச்சிவப்புக் கதிரை. பெயின்ட் அடிச்ச இரும்பு நல்லா கதிர் விடும், பளபளா அலுமினியம் கஞ்சத்தனமா விடும். துப்பாக்கி செட்டிங்கை மாத்தாம ரெண்டையும் அளந்தா, ஒரே சூட்டுல இருந்தாலும் அலுமினியம் குறைச்சலாத்தான் காட்டும். பொருள் கூலா இல்ல, கருவி ஏமாந்துடுச்சு. ஆயிலுக்குள்ள சென்சார் வச்சு, ஒரே ரோடு, ஒரே எடை, ஒரே வெயில்ல அளந்து காட்டினா ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு. மூடியை மாத்தணும்னா பழைய ஆயிலைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தியே ஆகணும். "மாத்தினதுக்கு அப்புறம் வண்டி அமைதியா போகுதுப்பா"ன்னு சொல்றாங்களே, அதுல எவ்ளோ மூடி, எவ்ளோ புது ஆயில்? யாரும் பிரிச்சுப் பார்க்கறது இல்ல. கோடுல ஒரே நேரத்துல நாலு இடத்தை மாத்திட்டு எது பக்கைச் சரி பண்ணுச்சுன்னு தெரியாம முழிக்கற கேஸ்தான் இதுவும்.

மூடி கெடுதலே பண்ணலாங்கறது அடுத்த அதிர்ச்சி. கலிஃபோர்னியாவுல டீசல் டிரக்குக்குப் பேர் போன கேல் பேங்க்ஸ் 2018ல இதுக்காகவே ஒரு வீடியோ தொடர் போட்டார். உள்ள நடக்கறது தெரியற மாதிரி மூடி போட்டு ஆயில் ஓட்டத்தைக் காட்டினார். கம்பெனி மூடி உள்பக்கம் வளைவா இருக்கும். கிரவுன் வாரி அடிக்கற ஆயில் அந்த வளைவோட சுத்திப் போய் முன்னாடி பேரிங்குக்குச் சேரும். முதுகு தட்டையா இருக்கற மூடியில ஆயில் மோதிச் சிதறி நுரைக்குது. நுரை சூட்டையும் கடத்தாது, பல்லையும் காப்பாத்தாது. அவரும் சொந்தமா மூடி விக்கறவர்தான், அதனால உப்புப் போட்டே கேளுங்க. ஆனா ஆயில் எந்த வழியா ஓடுதுன்னு கண்ணால பார்த்துட்டுப் பேசினார், அந்த மரியாதையைக் குடுத்துடுவோம்.

"அட விடுப்பா, காசு அவங்க காசு, அழகுக்குப் போட்டுட்டுப் போறாங்க"ங்கறீங்களா? அழகுக்குன்னா நான் வாயே திறக்க மாட்டேன். எங்க ஆபீஸ்ல ஒரு மதுரைக்கார அண்ணன். செகண்ட்ஹேண்ட் டிரக், 90,000 மைல் ஓடினது. போன மாசம் கேன்டீன்ல பிடிச்சார்.

"தம்பி, மூடி ஆர்டர் போட்டாச்சு. இனிமே ஆயிரம் பவுண்டு கூட ஏத்தலாம்னு கடைக்காரன் சொல்லிட்டான்."

"அண்ணே, ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"போன மாசம்தான்."

"அது இஞ்சின் ஆயில்ணே. டிஃபரன்ஷியல் ஆயில்?"

"அதுக்குத் தனியா ஒண்ணு இருக்கா?"

அண்ணி, ரெண்டு குழந்தைங்களோட ஜூன்ல போகப் போறது அதே கிளவுட்க்ராஃப்டுக்கு. ஏறும்போது டிஃபரன்ஷியல் தாங்கிடுச்சுன்னே வைங்க. இறங்கும்போது அதே 4,300 அடியை யார் பிடிக்கறது? மூடி போட்டா பிரேக் பெருசாகுமா, டயர் பலமாகுமா, ஹிட்ச் தடிமனாகுமா? இழுக்கற எடை அளவுங்கறது இது எல்லாத்தையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. எஸ்.ஏ.ஈ. ஜே2807னு ஒரு தரவிதி இருக்கு. 2011 மாடல்ல டொயோட்டா மொதல்ல ஏத்துக்கிட்டாங்க, 2015 வாக்குல மத்த பெரிய கம்பெனிகளும் வந்தாங்க. அரிசோனாவுல டேவிஸ் டேம் ஏத்தம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏ.சி. முழுசா ஆன், முழுப் பாரத்தோட வேகம் 40 மைலுக்குக் கீழ போகாம ஏறணும். அதுல பாஸான வண்டியில இருந்தது கம்பெனி போட்ட மூடிதாங்க!

அப்ப உண்மையிலேயே கூலா இழுக்க என்ன பண்ணலாம்?

- ஆயிலை மாத்துங்க. மேனுவல்ல டிரெய்லர் இழுக்கறவங்களுக்குன்னு தனி அட்டவணை இருந்தா அதைப் பாருங்க. என்ன கிரேடுன்னு போட்டிருக்கோ அதேதான். 10 டிகிரி சூடு கூடினா ஆயில் கெடற வேகம் ரெட்டிப்பாகும்னு பொதுவா ஒரு கணக்கு உண்டு, ஞாபகம் வச்சுக்கங்க.
- வேகத்தைக் குறைங்க. காத்துத் தடைக்குச் செலவாகற சக்தி வேகத்தோட மூணாம் படியில ஏறும். 70ல போறதை 60 ஆக்கினா அந்தச் செலவு மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். பைசா செலவில்லை.
- ஆக்ஸில் மேல இருக்கற காத்துப்போக்கி அடைச்சிருக்கான்னு பாருங்க. அடைச்சா சீல் வழியா ஆயில் கசியும்.
- போட் இறக்கறவங்க சூடான ஆக்ஸிலை அப்படியே ஏரியில முக்காதீங்க. குளிர்ந்து சுருங்கும்போது தண்ணியை உள்ள இழுக்கும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உடனே மாத்தணும்.
- சந்தேகமா இருந்தா மூடி வாங்கற காசுல மொதல்ல ஒரு டெம்பரேச்சர் கேஜ் மாட்டுங்க. அளக்காம மருந்து சாப்பிடாதீங்க.

மூடி வாங்க நியாயமான காரணமும் இருக்கு. உப்புத் தூவற பனி ஊர்ல பழைய மூடி துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கலாம். பாறை மேல ஏறி விளையாடறவரா இருக்கலாம். ஆயில் வடிக்கத் திருகு இல்லாம ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழட்டி அலுத்திருக்கலாம். தாராளமா வாங்குங்க, உள்பக்கம் வளைவா இருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. ஆனா "கூலா இழுக்கும், கூட இழுக்கும்"னு எவனாவது சொன்னா, ஆயில் சூட்டை அளந்தியான்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அவன் முழிக்கறதுலயே 300 டாலர் மிச்சம்.

டிஸ்கி: அண்ணன் ஆர்டரைக் கேன்சல் பண்ணலை, என்கிட்ட மூஞ்சி குடுத்தும் பேசலை. ஆனா நேத்து பார்க்கிங்ல டிரங்க்குல கியர் ஆயில் டப்பா ரெண்டு இருந்துச்சு. எனக்கு அது போதும்.