இடுநூலும் எடைக்கல்லும்

பிறர் சொன்னதைக் கற்று ஒப்பிப்பதை விடுத்துத் தானே ஒன்றைத் தேடிக் கண்டு ஒரு மாணவன் எழுதும் முதல் எழுத்து, முதுகலைப் பட்டத்திற்கென அவன் ஒப்படைக்கும் இடுநூலாகும். அதற்கு அடுத்த படியாக ஆய்வியல் நிறைஞர்ப் பட்டம் இருந்தது. பல்கலைக்கழக நல்கைக் குழு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறை அப் படியை நீக்கிவிட்டது. இனி முதுகலை இடுநூலிலேயே கால் ஊன்றிப் பழகாதவன், முனைவர்ப் பட்ட வாயிலில் வெறுங்கையனாய் நிற்க வேண்டியதுதான்.

படி போனதோடு அதற்கிருந்த காவலும் போயிற்று. 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஆய்வியல் நிறைஞர் மாணவர்களில் ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் மூவர்க்கும், இணைப் பேராசிரியர் இருவர்க்கும், உதவிப் பேராசிரியர் ஒருவர்க்குமே நெறியாளராக இருத்தல் கூடும். நெறியாளரோடு, அந் நிறுவனத்திற் பணியாற்றாத புறத்தேர்வாளர் ஒருவரேனும் இடுநூலை மதிப்பிடல் வேண்டும். அவர் தகாதென்று எழுதிவிட்டாலும் உடனே தள்ளிவிட முடியாது. வேறொரு புறத்தேர்வாளர்க்கு விடுத்து, அவரும் தகாதென்றாலே தள்ளலாம். 2022-இன் ஒழுங்குமுறையோ முனைவர்ப் பட்டத்திற்கே உரியது. முதுகலை மாணவன் அவ்வப் பல்கலைக்கழகத்தின் மனப்பாங்கிற்கு விடப்பட்டான். வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் இருக்கின்ற ஆசிரியர்க்குப் பங்கிட்டுக் கொடுப்பதே நெறியாள்கை என்றாகிவிட்டால், எந்த ஆசிரியர் எந்த இடுநூலை வரிவரியாகப் படிப்பார்?

இஃது ஏதோ அலுவலகத் தாள்வேலை என்று தமிழன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. மொழிஞாயிறு பாவாணர் 1930-களில் கீழைக்கலை முதுவர்ப் பட்டத்திற்கெனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு விடுத்த இடுநூல், திராவிட மரபு தோன்றியவிடம் குமரிநாடே என்பது. அது தள்ளப்பட்டது. 1940-இல் அவர்தம் ஒப்பியன் மொழிநூல் வெளிவந்தது. 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்குத் தமிழக அரசே அவரை இயக்குநராக அமர்த்தியது. குமரிநாட்டுக் கொள்கையை ஏற்பார் ஏற்கட்டும், மறுப்பார் மறுக்கட்டும். மறுப்போர் கரணியங் காட்டி எழுத்தில் மறுத்தல் வேண்டும் என்பதே அறிவுலக மரபு. தள்ளுண்டும் தளராது எழுதியவர் பாவாணர். ஆனால் தள்ளப்பட்ட மாணவரெல்லாரும் பாவாணராகிவிடுவதில்லை. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு வேறு பிழைப்பிற்குப் போய்விட்டவனின் பெயர் எந்த வரலாற்றிலும் ஏறாது.

காவலில் முதுகலை இடுநூலை மறந்த நல்கைக் குழு, ஒறுப்பில் மட்டும் அதனை மறக்கவில்லை! எழுத்துக் களவைத் தடுக்க 2018-ஆம் ஆண்டு வந்த ஒழுங்குமுறை, முதுகலைப் பட்டத்திற்குரிய இடுநூலையும் உள்ளடக்கியது. ஒப்புமை 10 விழுக்காடு வரை ஒறுப்பில்லை. அதற்கு மேல் 40 வரை எனின் 6 மாதத்திற்குள் திருத்தித் தர வேண்டும். அதற்கும் மேல் 60 வரை எனின் ஓராண்டுத் தடை. 60-ஐக் கடந்தாற் பதிவே நீக்கப்படும். களவு களவே, அதை ஒறுப்பதில் யார்க்கும் மாறுபாடில்லை. எடைக்கல் யாருடையது என்பதே வினா.

பொதுவாக வழங்கும் அல்லது தற்செயலாக ஒத்துவரும் தொடர்ச்சொற்கள் 14 வரை களவாகா என்கிறது அவ்வொழுங்குமுறை. ஆங்கிலத்தில் 14 சொல் என்பது ஓர் எளிய சொற்றொடர். தமிழில் 'வரமுடியாதவர்களுக்காகவும்' என்னும் ஒரு சொல்லே ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாய் விரியும். சீர்க்கணக்கில் 14 என்பது இரண்டு திருக்குறள்! இரண்டு குறளளவு கருத்தை அப்படியே எடுத்தாலும் தற்செயல் என்று சொல்ல இவ்வளவை இடந்தருகிறது. இது போதாதென்று, 'எழுதிக்கொண்டிருந்தான்' என்பதை ஒருவர் ஒரு சொல்லாகவும் மற்றொருவர் இரண்டாகப் பிரித்தும் எழுதுவர். எழுத்தை எழுத்தாக மட்டும் ஒப்பிடும் பொறிக்கு 'நூலை' வேறு, 'நூலைப்' வேறு. புணர்ச்சியறியாத பொறி காட்டும் விழுக்காட்டைக் கொண்டு ஒரு தமிழ் மாணவனின் ஓராண்டைப் பறிப்பதும், கைதேர்ந்த களவாளியைத் தப்பவிடுவதும் ஒருங்கே நிகழக்கூடும். அந்த எண்ணைத் தமிழறிந்த நெறியாளர் ஒருவர் இடுநூலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிட்டாலன்றி அது செல்லாது என்று ஆக்குதல் வேண்டும்.

இவற்றைச் செய்யத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. முதுகலைக்குரிய ஒழுங்குகளை வகுப்பவை அவ்வப் பல்கலைக்கழகத்தின் பாடக் குழுவும் கல்விக் குழுவுமே. ஒரு நெறியாளர்க்கு இத்தனை இடுநூல் என்னும் வரம்பு. முதல் தேர்வாளர் தள்ளினால் இரண்டாம் புறத்தேர்வாளர். தள்ளுவதற்குரிய கரணியம் தமிழில், எழுத்தில், மாணவன் கையில். இம் மூன்றையும் அடுத்த கல்வியாண்டின் ஒழுங்குமுறை அச்சேறுமுன் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் குழுவில் வைத்தல் வேண்டும். அன்பர்கள் தத்தம் ஊர்க் கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவர்க்கு இதனை மடலாக எழுதுக.