லாஸ் வேகாஸில் மலிவுச் சாப்பாடு மறைந்த கதை

2025இல் லாஸ் வேகாஸுக்கு வந்த சுற்றுப்பயணிகள் குறைந்தனர். சாப்பாட்டு விலை பற்றிய புகாரும் பெருகியது. ஒரு காலத்தில் அங்கே சாப்பாடு தூண்டிலில் கோத்த புழு. சில டாலருக்கு வயிறு நிறைய பஃபே போடுவார்கள். நட்டத்தைச் சூதாட்ட மேசை ஈடுகட்டும். 1992இல் பிரபல சமையல்காரர் வொல்ஃப்கேங் பக் அங்கே ‘ஸ்பாகோ’ உணவகத்தைத் திறந்தபின் கணக்கு மாறத் தொடங்கியது. இன்று பெரிய விடுதிகளுக்கு அறை, உணவு, கேளிக்கை தரும் வருமானமே சூதாட்டத்தைவிட அதிகம். சிக்கனமாக வரும் குடும்பம் அங்கே யாருக்கு வேண்டும்?

சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸும் லாஸ் வேகாஸில் தலைமையகம் உள்ள நிறுவனத்துடையதே. பக்கின் உணவகம் அங்கும் உண்டு. சூதாட்டக் கூடத்தில் நுழையச் சிங்கப்பூரர் 150 வெள்ளி கட்ட வேண்டும். உணவக வாசலில் கட்டணமில்லை. ஆனால் இருவர் சாப்பிட்டு எழுந்தால் பில் அதை எளிதில் தாண்டிவிடும்.