மாவுக்குக் காவல்

எஸ்டிசி-1000 என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். முகப்பில் சிவப்பு எண்கள், நான்கு பொத்தான்கள். பின்பக்கம் வயர் முடுக்க எட்டுத் துளைகள். மீன் தொட்டிக்கு, குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு என்று இணையக் கடைகளில் விற்கிறார்கள். இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் யார் தெரியுமா? மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவர்கள். ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பார்த்த பெட்டி, ஒற்றைக் கதவு பழைய ஐஸ்பெட்டியின் மேல் உட்கார்ந்து தோசை மாவைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

பீர்க்காரர்களின் கவலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாக மாற்றும்போது வெப்பத்தையும் கிளப்பும். அறை 20 டிகிரி என்றால் பானைக்குள் சில டிகிரி கூடவே இருக்கும். ஏல் என்ற வகைக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். லாகர் என்றால் 8 முதல் 13. அதைத் தாண்டிச் சூடேறினால் வாழைப்பழ வாசனையும், மறுநாள் தலையைப் பிளக்கும் கனத்த ஆல்கஹால்களும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பழைய ஐஸ்பெட்டி ஒன்றை வாங்கி, அதற்கு இந்தப் பெட்டியை எஜமானாக்கி விடுகிறார்கள். சூடு கூடினால் ஐஸ்பெட்டியை ஓட்டும், குறைந்தால் பல்பையோ ஹீட்டரையோ எரிய விடும். நார்வேக்காரர்களிடம் குவைக் என்று 40 டிகிரி வரை தாங்கும் ஈஸ்ட் உண்டு. நம்மூர் வெயிலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது!

ஆசைப்பட வேண்டாம். நம் நாட்டில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் 1963இலும் அமெரிக்காவில் 1978இலும் வீட்டுத் தயாரிப்புக்கு வழிவிட்டார்கள். பக்கத்தில் சிங்கப்பூரில்கூட ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு. இங்கே அந்தக் கதை இல்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. நொதித்த பானம் தோட்டத்துக்குப் புதிதா என்ன? தென்னம்பாளை நீர் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள், மறுநாள் காடி. இறக்கிய அன்றே விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்கு என்பதால் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு வேலிக்குள்ளேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இந்தச் சரித்திரம் தெரிந்தவர்கள் வீட்டு பீரை வெறும் பொழுதுபோக்காகப் பேச மாட்டார்கள்.

ஆனால் பெட்டிக்குச் சரித்திரம் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சூடும் குளிரும்தான்.

அந்த அக்கா தினமும் மாவு ஆட்டி விற்கிறார். ரப்பர் இருந்த காலத்தில் அவருடைய அம்மா பால் வெட்டினார். இப்போது சுற்றிலும் செம்பனை, வேலையில் வெளிநாட்டவர்கள். லயத்தில் மிச்சம் இருப்பது சில தமிழ்க் குடும்பங்கள். மாவு பாக்கெட் ரந்தாவ், சிரம்பான் மளிகைக் கடைகளுக்குப் போகிறது. மதியம் ஆட்டி, இரவு புளிக்க வைத்து, விடியற்காலை நான்கு மணிக்குப் பாக்கெட் போட வேண்டும். பகலில் 33 டிகிரி அடித்த தகரக் கூரை ராத்திரி சீக்கிரத்தில் ஆறாது. ஆறு மணி நேரத்தில் பதமாகிவிடும் மாவு எட்டு மணி நேரம் கிடந்தால் பொங்கி வழிந்து புளித்துப்போகும். அந்த மாவைப் பாக்கெட்டில் போட்டால் கடைக்குப் போய்ச் சேரும் முன்பே பலூன் மாதிரி உப்பிவிடும். உப்பிய பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். நஷ்டம் யாருக்கு?

“பதினொரு மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து மூடியைத் திறந்து பார்ப்பேன் தம்பி. கைப்பிள்ளைக்குக்கூட இப்படி எழுந்ததில்லை” என்றார்.

மகன் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெட்டி அவர் வேலை. முதல் வாரம் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாவு அப்போதும் புளித்தது. சென்சார் கம்பி ஐஸ்பெட்டிக்குள் காற்றில் தொங்கியதுதான் காரணம். காற்று சீக்கிரம் குளிரும். “28 வந்தாச்சு” என்று பெட்டி கம்ப்ரசரை நிறுத்திவிடும். பானைக்குள் மாவு இன்னும் 33இல் கொதித்துக்கொண்டிருக்கும். சென்சாரைப் பானையின் வெளிப்பக்கத்தில், மாவு மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே மடித்த துணியோ ஸ்பாஞ்சோ வைத்து டேப்பால் சுற்ற வேண்டும். பீர்க்காரர்கள் செய்வதும் இதுதான்.

இந்த வகைப் பெட்டியில் மாற்றி அமைக்க நான்கு எண்கள் இருக்கின்றன. எஸ் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பட்டியல் வரும். எஃப்1 என்பது நமக்கு வேண்டிய வெப்பநிலை. இட்லி, தோசை மாவைப் பொங்க வைக்கும் லியுகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்களுக்கு 28, 30 டிகிரி பிடிக்கும். அக்காவின் கணக்கு 28. எஃப்2 என்பது எவ்வளவு விலகினால் பெட்டி விழித்துக்கொள்ள வேண்டும் என்பது. தொழிற்சாலையிலிருந்து 0.5 என்று வரும், மகன் 1.0 வைத்திருக்கிறார். அதாவது மாவு 29ஐத் தொட்டால் ஐஸ்பெட்டி ஓடும், 28க்கு வந்தால் நிற்கும். மாவு கட்டியான சாமான், மெதுவாகத்தான் குளிரும், நிறுத்திய பிறகும் கொஞ்சம் இறங்கும். இடைவெளியை மிகவும் குறைத்தால் கம்ப்ரசருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

எஃப்3 கம்ப்ரசருக்கான ஓய்வு, நிமிடக் கணக்கில். நின்ற கம்ப்ரசரை உடனே கிளப்பினால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் மோட்டார் திணறும். அப்படியே எரிந்தும் போகலாம். மூன்று நிமிடம் என்று வரும், பழைய ஐஸ்பெட்டி என்பதால் ஐந்து வைத்திருக்கிறார். எஃப்4 சென்சாரின் பொய்யைத் திருத்துவதற்கு. ஒரு குவளை நிறைய உடைத்த ஐஸ், கொஞ்சம் தண்ணீர், நன்றாகக் கலக்கி சென்சாரை உள்ளே விட்டால் 0 காட்ட வேண்டும். அவர்களுடையது 0.8 காட்டியது. எஃப்4இல் -0.8 போட்டார், சரியாகிவிட்டது.

இவ்வளவும் ஒரே வெப்பநிலையைப் பிடித்து வைக்கத்தான். அக்காவுக்கு வேண்டியது இரண்டு: ஆறு மணி நேரம் 28, பிறகு விடியும்வரை குளிர். சாதாரண எஸ்டிசி-1000க்கு நேரம் பார்க்கத் தெரியாது. மட்ஸ் ஸ்டாஃபன்சன் என்ற சுவீடன்காரர் அதற்கு வேறொரு மென்பொருளை எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். அதை ஏற்றிவிட்டால் வெப்பநிலை, மணி, அடுத்த வெப்பநிலை, மணி என்று வரிசையாகச் சொல்லி வைக்கலாம். பீர்க்காரர்கள் இதில் இரண்டு மூன்று வாரத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். மகன் ஆர்டுயினோ பலகை ஒன்றை வைத்து ஏற்றினார். ஒரே பெயரில் விற்கும் பெட்டிகளில் சில்லு பலவகை, எல்லாவற்றிலும் இது ஏறாது. அந்த வம்பு வேண்டாம் என்பவர்களுக்கு நேரம் வைக்கும் வசதியோடு வரும் பெட்டிகளும் கடையில் உண்டு.

28இல் ஆறு மணி நேரம், பிறகு 4 டிகிரி. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. பதினைந்து கிலோ மாவு ஒரே அண்டாவில் இருந்தால் பெட்டி “4” என்று உத்தரவு போட்ட மாத்திரத்தில் நடுமாவு கேட்குமா? ஓரம் குளிர்ந்து, நடுப்பகுதி இன்னும் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து புளிக்கும். அதனால் நான்கு சின்ன எவர்சில்வர் பானைகள், நடுவில் காற்றுப் போக இடைவெளி. ஆறு மணி நேரத்தை ஐந்தாகவும் குறைத்துவிட்டார்கள். மிச்சப் புளிப்பு, குளிரும் நேரத்தில் வந்து சேரும். ஆட்டும்போதே ஐஸ் தண்ணீர் ஊற்றுவதால் கிரைண்டர் சூடும் குறைகிறது. இதை எந்தப் பெட்டியும் சொல்லித் தரவில்லை, அக்காவே கண்டுபிடித்தது.

ஐஸ்பெட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தானாகவே ஐஸ் கரைக்கும் புதுரகமும், மின்சாரம் போய் வந்தால் பொத்தான் அமுக்கினால்தான் ஓடும் ரகமும் இதற்கு ஒத்துவராது. பழைய ஒற்றைக் கதவுதான் நல்லது. அதன் சொந்தத் திருகை அதிகக் குளிர்ச்சியில் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு பக்கம் நிறுத்த, பெட்டி இன்னொரு பக்கம் ஓட்டப் பார்க்கும். வயர் வேலையைத் தயவுசெய்து நீங்களே செய்யாதீர்கள். பெட்டியின் பின்னால் ஓடுவது வீட்டு மின்சாரம், ஈரக் கை புழங்கும் சமையல்கட்டு. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் ஒருவரை வைத்து, எர்த் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் சுவிட்சு விழுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். லயத்து வீடுகளின் வயரிங் நம்மைவிட வயதானது.

பெட்டியில் சூடாக்கும் பக்கமும் உண்டு என்றேன் அல்லவா? அங்கே ஒரு 40 வாட் பல்பு மாட்டியிருந்தார்கள். முதலில் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஓடியது. ஐஸ்பெட்டி கொஞ்சம் அதிகமாகக் குளிர்த்துவிட, பல்பு எரிந்து சூடாக்க, மறுபடி ஐஸ்பெட்டி ஓட என்று ராத்திரி முழுக்க மாமியார் மருமகள் சண்டை. மின்கட்டணம் ஏறியதுதான் மிச்சம். இப்போது பல்பைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஆண்டு இறுதியில் மழை விடாமல் பிடித்துக்கொள்ளும் ராத்திரிகளில் மட்டும் மாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாவு வியாபாரம் இல்லை. அன்று அதே பல்பையும் பெட்டியையும் வைத்து 42 டிகிரியில் தயிர் தோய்த்துப் பார்க்கிறார் அக்கா. நான் போன அன்று அது மூன்றாவது தடவை. கெட்டியாகத்தான் வந்திருந்தது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் பிரிந்திருந்தது. அடுத்த வாரம் 41 வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.