கணக்கு வகுப்பில் சிரிப்புக்கு இடமில்லையா?

நமது பள்ளிக்கூடங்களில் கணக்கு உபாத்தியாயர் உள்ளே நுழைந்த உடனே நாற்பது வாய்களும் அடைத்துக் கொள்ளுகின்றன. இதற்கு ஒழுங்கு என்று பெயர். பெற்றோர்களும் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால், வாயோடு சேர்ந்து மூளையும் அடைத்துக் கொள்ளுகின்றதே என்பதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே ஆவார்கள்.

ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையானால், சொல்லிக் கொடுக்கும் முறையில் கோளாறு இருக்குமோ என்று யாரும் யோசிப்பதில்லை. "அவன் தலையில் எழுதவில்லை" என்கிறார்கள். அல்லது "அவன் குலத்துக்கு அதெல்லாம் ஏறாது" என்கிறார்கள். அந்தத் தலையெழுத்தை வாசித்துப் பார்த்த மகான் யார் என்று கேட்டால் பதில் இல்லை. பிரம்புக்குப் பயந்த பிள்ளை தப்பு விடை சொல்ல அஞ்சி, விடையே சொல்லாமல் இருந்து விடுகிறது. புரியாததைக் கேட்கவும் அஞ்சுகிறது. கேள்வி கேட்காத இடத்தில் கணக்கு மாத்திரமல்ல, வேறு எந்த அறிவுதான் வளரும்? இந்தப் பயத்தைப் போக்கச் சிரிப்பைவிடச் செலவில்லாத மருந்து கிடையாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால், சிரிப்பிலும் இரண்டு ஜாதி உண்டு. கணக்கைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது மற்றொன்று. தப்பாய்ப் போட்ட பையனைப் பலகைக்கு முன் நிறுத்தி, "நீ மாடு மேய்க்கப் போ" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பது ஹாஸ்யமல்ல. அது நாக்கினால் அடிக்கும் பிரம்படியேயாகும். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனதை வருத்தும் கொடுமையையும் சேர்த்தே தடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட பரிகாசம் அதற்குள் அடங்காது என்று யார் சொல்ல முடியும்?

நிற்க, நாம் வேண்டுவது எப்படிப்பட்ட சிரிப்பு? ஜவுளிக் கடையில் "100-க்கு 50 தள்ளுபடி, அதற்கு மேலும் 50 தள்ளுபடி" என்று எழுதியிருந்தால், துணி இனாமா என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். "ஆமாம்" என்று கூவுவார்கள். 1000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகி, பிறகு 250 ஆகிறதே தவிர இனாமாகவில்லை என்று கண்டதும் அவர்களே சிரிப்பார்கள். சதவிகிதம் அன்றைக்கே மனதில் பதிந்து விடும்.

பத்திரிகையில் ஒரு ராசிக்கு "இன்று தனலாபம்" என்று போட்டிருந்தால், அதையும் வகுத்துப் பார்க்கட்டும். உலக ஜனத்தொகை 2022-ல் 800 கோடி ஆயிற்று. அதைப் பன்னிரண்டு ராசிக்கும் சமமாய்ப் பங்கிட்டால், ஒரு ராசிக்கு 66 கோடிப் பேருக்கு மேல் வரும். இத்தனை பேருக்கும் ஒரே நாளில் பணம் கொடுப்பவர் யார் என்று கேட்டால், வகுத்தலோடு பகுத்தறிவும் வந்து சேரும்.

பூஜ்ஜியத்தை ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்ஜியம், இரண்டால் பெருக்கினாலும் பூஜ்ஜியம். ஆகவே, இரு பக்கத்திலும் பூஜ்ஜியத்தை அடித்து விட்டால் ஒன்றும் இரண்டும் சமம் என்று எழுதிக் காட்டட்டும். வகுப்பே கூச்சல் போடும். "மோசடி எந்த வரியில் நடந்தது, கண்டுபிடியுங்கள்" என்று விட்டு விட்டால், பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பது உருப்போடாமலே விளங்கும். பெரியவர் எழுதினாலும் ஒவ்வொரு வரியையும் சோதிக்க வேண்டும் என்ற புத்தியும் வரும்.

நமது பழைய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு வழி சொல்லியிருக்கிறது. காம்பருகிலுள்ள சிறு முள்ளுகளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். பழையது என்பதற்காக நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். பழம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு வந்து, கணக்குப் போட்டு, பிறகு அறுத்து எண்ணட்டும். சரியானால் ஆச்சரியம், தப்பானால் சிரிப்பு, எப்படியும் சுளை லாபம்.

இவையெல்லாம் விளையாட்டு, பெரிய கணித பண்டிதர்களுக்கு அடுக்காது என்பார்கள். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் டி மார்கன் விதிகளுக்குரிய அகஸ்டஸ் டி மார்கன், 1806-ல் நமது மதுரையில் பிறந்தவர். மதப் பிரமாணத்துக்கு உடன்பட மறுத்ததால் கேம்பிரிட்ஜில் பதவி பெற முடியாமல் போய், 1828-ல் லண்டனில் கணிதப் பேராசிரியரானவர். அவருடைய வயதைக் கேட்டால், ஒரு எண்ணின் வர்க்கமான வருஷத்தில் தமக்கு அந்த எண்ணே வயது என்பாராம். 43-ன் வர்க்கம் 1849. அந்த வருஷத்தில் அவருக்கு வயது 43. 1980-ல் பிறந்தவர்களுக்கும் 2025-ல் 45 வயதாகி இதே பொருத்தம் வந்தது. ஜோசியர் கண்டிருந்தால் இதற்கும் ஒரு யோகப் பெயர் சூட்டியிருப்பார்! வட்டத்தைச் சதுரமாக்கி விட்டதாய்ப் பிதற்றியவர்களைக் கேலி செய்து அவர் எழுதியவை, அவர் இறந்த பின் 1872-ல் புஸ்தகமாகவே வந்தன. இவருக்குச் சிரிப்பினால் கணிதம் குறைந்து விட்டதா?

பாடம் முடிக்க நேரமில்லை என்பது மற்றொரு சாக்கு. பயந்தவனுக்கு ஒரே பாடத்தைப் பத்துத் தரம் சொல்ல நேரம் இருக்கும்போது, ஐந்து நிமிஷம் சிரிக்க இருக்காதா?

ஆகையால் பெற்றோர்களே! பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்கு?" என்று மாத்திரம் கேளாதீர்கள். "இன்று கணக்கு வகுப்பில் என்ன கேள்வி கேட்டாய், எதற்குச் சிரித்தாய்?" என்றும் கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்ற பதிலே தினமும் வருமானால், உபாத்தியாயரிடம் போய் மரியாதையாய்க் காரணம் கேளுங்கள். நம் பிள்ளைகளின் அறிவு பயத்தில் முடங்குவதைவிட, நாம் பத்துப் பேர் போய்க் கேட்பது கஷ்டமான காரியமல்ல.