மறுக்கப்பட்ட துக்கமும் மன அழுத்தமும்

மன அழுத்தம் பற்றி எழுதுவோர் அலுவலக வேலைப்பளுவையும் நகர வாகன நெரிசலையும் உதாரணங்காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஓட்டமாவடி போன்றதொரு ஊருக்கு அந்த உதாரணங்கள் போதா. மரணம் நேர்ந்த வீட்டில் செய்ய வேண்டிய கடமையைச் செய்யவிடாது தடுப்பதும் உடலை நோயாக்கும் என்பதை இவ்வூரின் பெயரோடு சேர்த்தே நாடு அறிந்துகொண்டது.

கொவிட் 19 தொற்றினால் மரணித்தோரை அடக்கம் செய்யவும் இடமளிக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்த நிலையில், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் தகனத்தைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்யும் உரிமை முஸ்லிம்களுக்கு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து இருபதே நாட்களான சிசுவொன்றும் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தமது வேதனையைத் தெரிவித்தனர். 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தது. முதலில் தெரிவான இரணைதீவில் எதிர்ப்பு எழவே, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கங்கள் ஆரம்பமாயின. 2022 மார்ச்சில் கட்டுப்பாடு நீங்கும்வரை அங்கு 3,600இற்கும் அதிகமானோர் அடக்கப்பட்டனர். பெரும்பாலானோர் முஸ்லிம்கள், இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் உறங்குகின்றனர்.

இத்தகைய துயரம் உடலில் என்ன செய்கிறது? ஆபத்தைக் கண்டால் அட்ரினலின், கோர்டிசோல் ஆகிய ஓமோன்கள் சுரந்து, இதயத்துடிப்பும் குருதியமுக்கமும் குருதியிலுள்ள சீனியின் அளவும் உயர்கின்றன. ஓடித் தப்புவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ இயற்கை தந்த ஏற்பாடு அது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும். தணியாது மாதக்கணக்கில் நீடித்தால் நித்திரை கெடுகிறது, நோயெதிர்ப்பு குன்றுகிறது, நீரிழிவும் குருதியமுக்கமும் கட்டுப்பாட்டுக்குள் நிற்க மறுக்கின்றன, மாரடைப்புக்கான அபாயம் கூடுகிறது. நமது மக்கள் இதனை மனநோய் என்று சொல்வதில்லை. நெஞ்செரிவு, தலையிடி, கை கால் உளைவு என்றே வைத்தியசாலைக்கு வருகின்றனர். மருந்து கிடைக்கிறது, காரணம் கேட்கப்படுவதில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்திற்கு இது புதிதுமன்று. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் உறவினருக்கு ஜனாஸாக்கள் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 தமிழர் திரும்பவேயில்லை. கத்தமும் ஓத முடியாமல், அந்தியேட்டியும் செய்ய மனமொப்பாமல் இரு சமூகத்துத் தாய்மாரும் முதுமையடைந்துவிட்டனர். யார் கூடுதலாக இழந்தார் என்று கணக்குப் பார்ப்போர், இருவரும் ஒரே கிளினிக் வரிசையில் அமர்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை.

மார்க்கமும் மரபும் துக்கத்திற்கு வகுத்த ஒழுங்கு, மன அழுத்தத்தைத் தணிக்கும் ஏற்பாடுமாகும். அயலார் சமைத்து அனுப்பும் உணவு, மூன்று நாள் ஆறுதல் கூறல், மறுபுறம் எட்டுச் செலவு, ஒப்பாரி என எதுவும் துயருற்றவரைத் தனித்திருக்க விடுவதில்லை. தகனக் கட்டளை இந்த ஒழுங்கையே முறித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது வரவேற்கத்தக்கது. ஆயினும், தரிசிக்க ஒரு கப்ருகூட இல்லாத குடும்பங்களுக்கு உளவள ஆலோசனையை வீடு தேடிச் சென்று வழங்குவது அரசின் கடமை என்றே நாம் கருதுகின்றோம்.

பொறுமை கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தம் மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபிகளார் (ஸல்) கண்ணீர் வடித்தார்கள். அழுகை பொறுமைக்கு எதிரானதன்று. நாளாந்தம் அரை மணிநேர நடை, நேரத்திற்கு நித்திரை, புகைத்தலைக் கைவிடல், நம்பிக்கையானவரிடம் மனந்திறந்து பேசுதல் ஆகியன பயன் தரும். அவற்றாலும் தணியாதவிடத்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திற்கும் அழைக்கலாம். அதற்கும் தயங்குவோர், குருதியமுக்க மாத்திரைக்காகக் கிளினிக் செல்லும் நாளிலேனும், நித்திரை எந்த மரணத்தின் பின் கெட்டது என்பதை வைத்தியரிடம் சொல்லிவிடலாம்.